பட்டியலில் ஒரு வரி: கனடாவின் ஆளுநர் ஜோலியின் கதை

(சமூக அறிவியல் ஆசிரியர்களுக்கான பணியிடைப் பயிற்சியில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



குடிமையியலில் நாம் எல்லோரும் நடத்தும் ஒரு பட்டியல் உண்டு. இந்திய அரசமைப்பு எந்த நாட்டிலிருந்து எதை எடுத்துக்கொண்டது என்ற பட்டியல். பிரிட்டனிலிருந்து நாடாளுமன்ற முறை, அமெரிக்காவிலிருந்து அடிப்படை உரிமைகள், அயர்லாந்திலிருந்து அரசு நெறிமுறைக் கோட்பாடுகள் என்று அது வரிசையாகப் போகும். கனடாவுக்கு எதிரே, 'வலுவான மைய அரசுடன் கூடிய கூட்டாட்சி, எஞ்சிய அதிகாரங்கள் மைய அரசுக்கு, மாநில ஆளுநரை மைய அரசு நியமித்தல்' என்று இருக்கும். மாணவர்கள் மனப்பாடம் செய்வார்கள். ஒரு மதிப்பெண் வினாவுக்கு அது போதும்.

ஆனால் வகுப்பில் விவரமான பிள்ளை ஒன்று எழுந்து, "ஐயா, நாம ஓட்டுப் போட்டவங்க போடுற சட்டத்துல, நாம ஓட்டுப் போடாத ஒருத்தர் எதுக்குக் கையெழுத்துப் போடணும்?" என்று கேட்டால் அந்த வரி போதாது. அந்தக் கேள்விக்கு விதி எண்ணைச் சொல்லிப் பதில் தரலாம். ஒரு மனிதரின் வாழ்க்கையைச் சொல்லியும் பதில் தரலாம். இரண்டாவது வழி மனத்தில் தங்கும். அதற்காகத்தான் இன்று கனடாவின் ஒரு மாகாண ஆளுநரைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். அவர் பெயர் ஆன்ரி குஸ்தாவ் ஜோலி த லோபினியேர். பெயர் நீளமாக இருக்கிறது. ஜோலி என்றே சொல்வோம். நம் ஊர்ப் பேச்சில் ஜோலி என்றால் வேலை. மாணவர்களுக்கு எளிதாக நினைவில் நிற்கும்.

பதவி எப்படிப்பட்டது?

முதலில் ஒரு சொல் குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். கனடாவில் மாகாணத் தலைவரின் பதவிப் பெயர் துணைநிலை ஆளுநர். நம் நாட்டில் புதுச்சேரி போன்ற ஒன்றியப் பகுதிகளில்தான் அந்தப் பெயரைக் கேட்கிறோம். கனடாவின் துணைநிலை ஆளுநர் நம் மாநில ஆளுநருக்கு இணையானவர். அவருக்கு மேலே நாடு முழுவதற்கும் ஒரு தலைமை ஆளுநர் உண்டு. எனவே இந்த உரையில் மாகாண ஆளுநர் என்றே சொல்கிறேன்.

1867இல் இயற்றப்பட்ட சட்டத்தின்படி கனடா ஒரு கூட்டாட்சி ஆனது. அந்தச் சட்டத்தின் 58ஆம் பிரிவு, மாகாண ஆளுநரை மைய அமைச்சரவையின் ஆலோசனைப்படி தலைமை ஆளுநர் நியமிப்பார் என்கிறது. 60ஆம் பிரிவு, அவருக்குச் சம்பளம் தருவது கனடா நாடாளுமன்றம் என்கிறது. 90ஆம் பிரிவின்படி, மாகாணச் சட்டமன்றம் நிறைவேற்றிய மசோதாவுக்கு அவர் ஒப்புதல் தரலாம், மறுக்கலாம், தலைமை ஆளுநரின் முடிவுக்கு நிறுத்தியும் வைக்கலாம். நம் அரசமைப்பின் 155, 200, 201ஆம் உறுப்புகளை நடத்தியவர்களுக்கு இதில் எதுவும் புதிதாகத் தெரியாது.

ஒரே ஒரு வேறுபாட்டை மட்டும் கவனியுங்கள். கனடாச் சட்டத்தின் 59ஆம் பிரிவு, ஐந்து ஆண்டுகளுக்குள் ஒரு மாகாண ஆளுநரை நீக்கவேண்டுமானால் காரணத்தை எழுத்தில் தெரிவிக்கவேண்டும், அதை நாடாளுமன்றத்துக்கும் தெரிவிக்கவேண்டும் என்கிறது. நம் 156ஆம் உறுப்போ, குடியரசுத் தலைவரின் விருப்பம் உள்ளவரை ஆளுநர் பதவியில் இருப்பார் என்கிறது. மேல்நிலை வகுப்பில் ஒரு பாடவேளை முழுவதும் விவாதிக்க இந்த ஒரு வேறுபாடே போதும்.

ஆக, மாகாண ஆளுநருக்கு இரண்டு பக்கம் பார்வை வேண்டும். அவரை அனுப்பியது தலைநகர் ஒட்டாவா. அவர் கேட்டு நடக்கவேண்டியது மாகாண அமைச்சரவையின் ஆலோசனை. இரண்டும் ஒத்துப்போகிறவரை சிக்கல் இல்லை. ஒத்துப்போகாத நாளில்தான் அந்தப் பதவியில் இருப்பவர் யார் என்பது தெரியவரும்.

ஜோலி யார்?

ஜோலி 1829ஆம் ஆண்டு டிசம்பரில் பிரான்சின் எப்பர்னே நகரில் பிறந்தார். தந்தை பியேர் குஸ்தாவ் ஜோலி சுவிட்சர்லாந்தில் பிறந்த வணிகர், சீர்திருத்தக் கிறித்தவர். தாய் ஜூலி, கனடாவின் கியூபெக் பகுதியில் புனித லாரன்சு ஆற்றங்கரையில் இருந்த லோபினியேர் என்ற பெரும் நிலவுடைமையின் வாரிசு, கத்தோலிக்கர். பிரெஞ்சு ஆட்சிக் காலத்தில் தோன்றிய அந்த நிலவுடைமையை நம் ஊர் ஜமீனோடு ஒப்பிட்டுச் சொன்னால் மாணவர்களுக்குப் புரியும்.

தந்தையைப் பற்றி வரலாற்று ஆசிரியர்களுக்கு ஒரு செய்தி. தகுவர் என்பவர் கண்டுபிடித்த புகைப்பட முறை 1839இல்தான் உலகுக்கு அறிவிக்கப்பட்டது. அதே ஆண்டு அந்தக் கருவியைத் தூக்கிக்கொண்டு பயணம் கிளம்பியவர் இந்தத் தந்தை. ஏதென்சின் அக்ரோபொலிசை முதன்முதலில் புகைப்படம் எடுத்தவர் அவர்தான். எகிப்துக்கும் சென்று படமெடுத்தார்.

மகன் பாரிசில் படித்தார். 1850இல் கனடா திரும்பிச் சட்டம் பயின்று 1855இல் வழக்கறிஞர் ஆனார். 1861இல் லோபினியேர் தொகுதியிலிருந்து சட்டமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். தாய்மொழி பிரெஞ்சு. ஆனால் அவரைச் சுற்றியிருந்த பிரெஞ்சு மக்கள் ஏறக்குறைய எல்லோரும் கத்தோலிக்கர்கள், இவர் சீர்திருத்தக் கிறித்தவர். ஆங்கிலேயரோடு மதம் ஒத்துப்போகும், மொழி ஒத்துப்போகாது. பிரெஞ்சு மக்களோடு மொழி ஒத்துப்போகும், மதம் ஒத்துப்போகாது. இப்படி இரண்டு பக்கமும் பாதி சொந்தக்காரராக வாழ்ந்தவர் அவர். அப்படியிருந்தும் அந்தக் கத்தோலிக்கத் தொகுதி மக்கள் அவரைத் திரும்பத் திரும்பத் தேர்ந்தெடுத்தார்கள்.

1865இல் கூட்டாட்சித் திட்டம் விவாதத்துக்கு வந்தபோது அதை எதிர்த்தவர்களில் ஜோலியும் ஒருவர். பிற்காலத்தில் அதே கூட்டாட்சியின் மைய அமைச்சராகவும் மாகாண ஆளுநராகவும் ஆனார். தோற்ற பக்கத்தில் நின்றவர், முடிவான பிறகு அதை ஏற்று அதற்குள்ளேயே உழைத்தார். நம் அரசியல் நிர்ணய சபையிலும் இப்படிப்பட்டவர்கள் இருந்தார்கள் அல்லவா?

கியூபெக், 1878

இனி நம் கேள்விக்கு வருவோம். ஆளுநர் பதவியின் வலிமையையும் ஆபத்தையும் ஜோலி முதலில் அறிந்தது ஆளுநராக அல்ல. முதல்வராக.

1878 மார்ச் மாதம். கியூபெக் மாகாண ஆளுநர் லுய்க் லெத்தெலியே. அவர் தாராளவாதக் கட்சியிலிருந்து வந்தவர். முதல்வர் புஷேர்வில் பழமைவாதக் கட்சிக்காரர். தன்னைக் கேட்காமலே மசோதாக்களைக் கொண்டுவருகிறார்கள் என்று குற்றம்சாட்டி, சட்டமன்றத்தில் பெரும்பான்மை வைத்திருந்த அந்த முதல்வரை ஆளுநர் பதவிநீக்கம் செய்தார். எதிர்க்கட்சித் தலைவராக இருந்த ஜோலியை அழைத்து ஆட்சி அமைக்கச் சொன்னார்.

அழைப்பை ஏற்ற ஜோலி உடனே தேர்தலுக்குப் போனார். மே 1ஆம் நாள் நடந்த தேர்தலில் 65 இடங்கள் கிட்டத்தட்டச் சரிபாதியாகப் பிரிந்தன. அவைத் தலைவரின் முடிவு செய்யும் வாக்கை நம்பித்தான் ஆட்சி நடந்தது. அந்த நிலையிலும் அவர் அரசுச் செலவைக் குறைக்க முயன்றார். அமைச்சர்களின் சம்பளத்தையும் குறைத்தார். மக்கள் தேர்ந்தெடுக்காத சட்ட மேலவையை ஒழிக்கவும் முயன்றார்.

இதற்குள் ஒட்டாவாவில் ஆட்சி மாறியது. பிரதமரான பழமைவாதி ஜான் மெக்டொனால்டு, ஆளுநர் லெத்தெலியேயை நீக்கும்படி தலைமை ஆளுநருக்கு ஆலோசனை கூறினார். தலைமை ஆளுநர் லார்ன் பிரபு தயங்கி லண்டனைக் கேட்டார். அமைச்சர்களின் ஆலோசனைப்படி நடக்கவேண்டும் என்று பதில் வந்தது. 1879 ஜூலையில் லெத்தெலியே நீக்கப்பட்டார். ஒருவருடைய பதவியைப் பறித்த ஆளுநரின் பதவி பறிபோனது.

புதிய ஆளுநராக ரொபிதாய் வந்தார். பழமைவாதிகள் நிறைந்த சட்ட மேலவை அரசின் செலவுக்கான நிதிக்கு ஒப்புதல் தர மறுத்தது. அக்டோபர் கடைசியில் ஜோலியின் கட்சியினர் ஐந்து பேர் எதிரணிக்குத் தாவினார்கள். சட்டமன்றத்தைக் கலைத்து மறுதேர்தல் நடத்துங்கள் என்று ஜோலி கேட்டார். ஆளுநர் மறுத்தார். ஜோலி பதவி விலகினார்.

நன்றாகக் கவனியுங்கள். ஓர் ஆளுநரின் தனி முடிவால் முதல்வராகி, இன்னோர் ஆளுநரின் தனி முடிவால் பதவி இழந்தவர் இவர். இடையில் இருபது மாதங்கள்கூட இல்லை. இந்தப் பாடத்தை இவரைப் போல் இரு பக்கமும் அனுபவித்துக் கற்றவர் அதிகம் பேர் இருக்க முடியாது.

1885இல் லூயி ரியேல் என்ற கலகத் தலைவர் தூக்கிலிடப்பட்டபோது கியூபெக் முழுவதும் கொந்தளித்தது. ஜோலியின் கட்சி அந்தக் கொந்தளிப்போடு சேர்ந்துகொண்டது. அதில் அவருக்கு உடன்பாடு இல்லை. தன் தொகுதி மக்களின் உணர்வும் தன் மனச்சாட்சியும் வேறுவேறாக இருப்பதைக் கண்டு சட்டமன்ற இடத்தை விட்டு விலகினார். பதினோரு ஆண்டுகள் தோட்டமும் காடுமாக இருந்தார். 1896இல்தான் வில்பிரிட் லோரியேயின் அழைப்பில் மைய அரசியலுக்கு வந்து, உள்நாட்டு வரித்துறை அமைச்சரானார்.

விக்டோரியா, 1900

இப்போது நாட்டின் மறுகோடிக்குப் போகவேண்டும். பசிபிக் கடலோரத்தில் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணம். தலைநகர் விக்டோரியா. 1901 கணக்கெடுப்பின்படி மக்கள்தொகை சுமார் 1,78,000. சுரங்கம், மரம், மீன், இருப்புப்பாதை, இவைதான் பொருளாதாரம். மாகாணச் சட்டமன்றத்தில் அப்போது முறையான கட்சிகள் இல்லை. ஆளுக்கொரு குழு. இன்று ஆதரிப்பவர் நாளை எதிர்ப்பார். ஐந்து ஆண்டுகளுக்குள் அங்கே ஐந்து முறை முதல்வர் மாறினார்கள்.

அங்கே ஆளுநராக இருந்தவர் தாமஸ் மெக்கின்னஸ். 1898 தேர்தல் முடிவு தெளிவில்லாமல் இருந்தபோது, சட்டமன்றம் கூடிப் பெரும்பான்மை யாருக்கு என்று பார்ப்பதற்குமுன்பே முதல்வர் டர்னரை நீக்கினார். அடுத்து வந்த செம்லினை 1900 பிப்ரவரியில் நீக்கினார். பிறகு ஜோசப் மார்ட்டின் என்பவரை முதல்வராக்கினார். மார்ட்டினுக்குச் சட்டமன்றத்தில் ஆதரவே இல்லை. அவருக்கு எதிரான தீர்மானம் 28க்கு 1 என்ற வாக்கில் நிறைவேறியது. அவையை முடித்துவைக்க ஆளுநர் வந்தபோது உறுப்பினர்கள் எழுந்து வெளியே போய்விட்டார்கள். ஏறக்குறையக் காலி நாற்காலிகளுக்கு முன்னால் ஆளுநர் உரை வாசித்தார். ஜூன் மாதத் தேர்தலில் மார்ட்டின் தோற்றார். 59ஆம் பிரிவு மறுபடியும் பயன்பட்டது. மெக்கின்னஸ் நீக்கப்பட்டார்.

இந்தக் குழப்பத்தில் யாரை அனுப்புவது? பிரதமர் லோரியே, உள்ளூர்க் குழுக்கள் எதிலும் சேராத ஒரு மனிதரைத் தேர்ந்தெடுத்தார். 1900 ஜூன் 21ஆம் நாள் ஜோலி நியமிக்கப்பட்டார். வயது 70. பிரெஞ்சு பேசுபவர். கண்டத்தின் மறுகோடியிலிருந்து வருபவர். பெரும்பாலும் ஆங்கிலேயர் வாழும் ஊரில் அவரை வரவேற்க யாருக்கும் சிறப்பான காரணம் இல்லை. வெளியூர்க்காரரை எங்கள் தலையில் கட்டுகிறார்களே என்ற முணுமுணுப்பு எங்கும் இயல்புதான்.

அவர் செய்தது ஒன்றே ஒன்று. நிதானமாக இருந்தார். அவர் வரும்போது நிலக்கரிச் சுரங்க முதலாளி ஜேம்ஸ் டன்ஸ்மியர் முதல்வராக இருந்தார். அவருடைய ஆட்சியும் தள்ளாடியது. ஆனால் மெக்கின்னசைப் போல ஜோலி நடுவில் புகவில்லை. சட்டமன்றம் தன் சண்டையைத் தானே போட்டுத் தீர்த்துக்கொள்ள விட்டார். 1902 நவம்பரில் டன்ஸ்மியர் தாமாகவே விலகினார். எட்வர்ட் பிரையர் முதல்வரானார்.

1903 ஜூன் 1

பிரையர் சுரங்கப் பொறியாளராக இருந்து வணிகரானவர். இரும்புச் சாமான்கள் விற்கும் பெரிய நிறுவனம் அவருடையது. பிரேசர் ஆற்றின் குறுக்கே சிம்னி கிரீக் என்ற இடத்தில் அரசு ஒரு தொங்கு பாலம் கட்டியது. அதற்குக் கம்பி வடம் வழங்கும் ஒப்பந்தம் முதல்வரின் நிறுவனத்துக்கே போனது. இது வெளியே வந்து, சட்டமன்றக் குழு விசாரித்தது. அரசு சார்பில் பொருள் வாங்குபவரும் அதை விற்பவரும் ஒரே ஆள் என்பது பதிவானது.

நிறுவனம் வேறு, நான் வேறு என்பதாக முதல்வர் தரப்பு வாதம் இருந்தது. ஜோலி அதை ஏற்கவில்லை. முதல்வரிடம் தனக்கு இனி நம்பிக்கை இல்லை என்று தெரிவித்து, 1903 ஜூன் 1ஆம் நாள் பிரையரைப் பதவிநீக்கம் செய்தார். எதிர்க்கட்சித் தலைவர் ரிச்சர்ட் மெக்பிரைடை அழைத்தார். மெக்பிரைடுக்கு அப்போது 32 வயது. அந்த மாகாணத்திலேயே பிறந்து முதல்வரான முதல் மனிதர் அவர். கட்சி அடிப்படையில் அமைச்சரவை அமைத்தார். அக்டோபர் 3ஆம் நாள் தேர்தல் நடந்தது. 42 இடங்களில் 22 பெற்றார். அதன்பின் 1915 வரை அவரே முதல்வர்.

அன்றுமுதல் இன்றுவரை கனடாவில் எந்த மாகாண ஆளுநரும் ஒரு முதல்வரைப் பதவிநீக்கம் செய்ததில்லை. 1903 ஜூன் 1தான் கடைசி.

இங்கேதான் வகுப்பில் நிறுத்தவேண்டும். லெத்தெலியே முதல்வரை நீக்கினார், மெக்கின்னசும் நீக்கினார், ஜோலியும் நீக்கினார். முதல் இருவர் தங்கள் பதவியை இழந்தார்கள். ஜோலியோ 1906 மே வரை மதிப்போடு பதவியில் இருந்தார். என்ன வேறுபாடு?

மூன்று வேறுபாடுகள் எனக்குத் தெரிகின்றன. ஒன்று, காரணம். முதல் இருவரும் கொள்கையையும் அரசியல் கணக்கையும் தாங்களே முடிவு செய்தார்கள். ஜோலி செயல்பட்டது பொதுப்பணத்தில் சொந்த நலன் கலந்தது என்ற ஒன்றுக்காக. இரண்டு, சான்று. உண்மையைக் கண்டுபிடித்தது ஆளுநரின் உளவு அல்ல, மக்கள் பிரதிநிதிகளின் விசாரணைக் குழு. மூன்று, அடுத்து என்ன என்ற கேள்வி. மெக்கின்னஸ் அழைத்த மார்ட்டினுக்கு ஆதரவு ஒரு வாக்கு. ஜோலி அழைத்த மெக்பிரைடு ஆட்சி அமைத்து, நான்கு மாதத்தில் மக்களிடம் போய் ஒப்புதல் வாங்கி வந்தார். கடைசித் தீர்ப்பு மக்கள் கைக்கே போனது.

இதற்காக ஜோலி செய்தது சரியே என்று நாம் மாணவர்களுக்குத் தீர்ப்பு எழுதித் தரவேண்டியதில்லை. சட்டமன்றமே பிரையரை நீக்கியிருக்கலாமே, தேர்ந்தெடுக்கப்படாத ஒருவர் ஏன் நீக்கவேண்டும் என்று ஒரு மாணவி கேட்டால் அது முற்றிலும் நியாயமான கேள்வி. கனடா அந்த அதிகாரத்தைப் பிறகு பயன்படுத்தவே இல்லை என்பதே அந்தக் கேள்விக்கு வலுச் சேர்க்கிறது. சட்டப் புத்தகத்தில் இருக்கும் ஓர் அதிகாரம், பயன்படுத்தாமலே மரபால் அடங்கிப்போகலாம். அரசமைப்பு என்பது எழுத்து மட்டுமல்ல, பழக்கமும்தான்.

கதைக்கு ஒரு வால் உண்டு. ஜோலிக்குப் பின் ஆளுநராக வந்தவர் முன்னாள் முதல்வர் டன்ஸ்மியர். 1919இல் அதே பதவிக்கு வந்தவர் யார் தெரியுமா? பதவிநீக்கம் செய்யப்பட்ட அதே பிரையர். ஓராண்டு இருந்து பதவியிலேயே காலமானார்.

பேசப்படாதவர்கள்

நல்லவர் ஒருவரின் கதையைச் சொல்லும்போது அவர் காலத்தின் இருட்டை மறைத்துவிடக்கூடாது. 'மக்களின் தீர்ப்பு' என்று சற்று முன் சொன்னேன். எந்த மக்கள்? பெண்களுக்கு வாக்கு இல்லை. அந்த மண்ணின் பூர்வகுடிகளுக்கு வாக்கு இல்லை. சீனர்களுக்கு இல்லை. 1895 முதல் சப்பானியருக்கும் இல்லை. ஜோலி விலகிய மறு ஆண்டு, 1907இல், பிரிட்டிஷ் கொலம்பியாவில் இருந்த இந்தியர்களின் வாக்குரிமையும் பறிக்கப்பட்டது.

கனடாவுக்குள் நுழையும் சீனர் ஒவ்வொருவரும் மைய அரசுக்குத் தலைவரி கட்டவேண்டும். 1885இல் 50 டாலராக இருந்த அது, 100 ஆகி, 1903இல் இயற்றிய சட்டத்தால் 500 ஆனது. மாகாணச் சட்டமன்றமோ அதுவும் போதாது என்று, ஆசியரைத் தடுக்கும் சட்டங்களை ஜோலியின் காலத்தில் திரும்பத் திரும்ப நிறைவேற்றியது. ஒட்டாவா அவற்றைத் திரும்பத் திரும்ப ரத்து செய்தது. நீதியுணர்வால் என்று அவசரப்பட்டுச் சொல்லிவிட முடியாது. 1902இல் பிரிட்டன் சப்பானோடு நட்பு ஒப்பந்தம் செய்திருந்தது. சப்பானைப் புண்படுத்தக்கூடாது என்பது முக்கியக் காரணம்.

1907இல் இப்படி ஒரு மசோதாவுக்கு ஆளுநர் டன்ஸ்மியர் ஒப்புதல் தராமல் நிறுத்திவைத்தார். அவருடைய சுரங்கங்களில் ஆசியத் தொழிலாளர்கள் வேலை செய்தார்கள் என்பதும் உண்மை. அந்தச் செப்டம்பரில் வான்கூவரில் கூடிய கூட்டம் அவருடைய கொடும்பாவியை எரித்துவிட்டு, சீனர், சப்பானியர் குடியிருப்புகளைத் தாக்கியது. தேர்ந்தெடுக்கப்பட்ட சட்டமன்றம் அநியாயமான சட்டம் போட, தேர்ந்தெடுக்கப்படாத ஆளுநர் தன் சொந்த நலனும் கலந்து அதைத் தடுக்கிறார். இதில் யார் பக்கம் நிற்பது? எளிய விடை இல்லாத இந்த இடத்தில்தான் மாணவர்கள் உண்மையாகவே யோசிக்கத் தொடங்குவார்கள்.

மரம் நட்டவர்

அரசியலில் அவர் செய்ததைவிட நிலைத்து நிற்பது வேறொன்று. லோபினியேர் காடு அவருடைய சொத்து. மரம் விற்றுத்தான் குடும்பம் வாழ்ந்தது. ஆனால் சிறு மரங்களை வெட்டவிடாமல், காடு தன்னைத் தானே புதுப்பித்துக்கொள்ளும் அளவுக்கே வெட்டினார். கனடாவின் காடு முடிவில்லாதது என்று எல்லோரும் நம்பிய காலம் அது. அந்த நம்பிக்கை தவறு என்று 1870களிலேயே எழுதினார். பிளாட்டன் முனை என்ற இடத்தில் இருந்த தன் தோட்டத்தில், அவ்வளவு வடக்கே வளராது என்று கருதப்பட்ட கருவாதுமை மரங்களை நட்டு வளர்த்துக் காட்டினார். கியூபெக்கில் 1880களில் மரம் நடும் நாள் கொண்டாடும் வழக்கத்துக்குப் பாடுபட்டார். 1900இல் கனடா வனவியல் சங்கம் தொடங்கியபோது அதன் முதல் தலைவர் அவர்தான். அந்தத் தோட்டம் இன்று பொதுமக்கள் பார்க்கும் பூங்கா. அவர் காலத்துக் கருவாதுமைகள் இன்னும் அங்கே நிற்கின்றன.

நம் பள்ளிகளில் பசுமைப் படை, சுற்றுச்சூழல் மன்றம் நடத்தும் ஆசிரியர்கள் இந்தப் பகுதியைத் தனியாக எடுத்துச் சொல்லலாம். தான் உட்கார முடியாத நிழலுக்காக மரம் நடுபவருக்கும், தன் காலத்துக்குப் பின்னும் நிற்கவேண்டிய நெறிக்காகக் கையைக் கட்டிக்கொண்டு இருப்பவருக்கும் ஏதோ ஓர் உறவு இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது.

காவிரி வரை

இந்தக் கனடாக் குடும்பத்துக்கும் நமக்கும் என்ன தொடர்பு என்று கேட்பீர்கள். இருக்கிறது. ஜோலியின் தம்பி எட்மண்ட் பிரிட்டிஷ் படையில் சேர்ந்து 1857இல் லக்னோ போரில் உயிரிழந்தார். ஜோலியின் மகன் ஆலன், கனடாவின் கிங்ஸ்டன் இராணுவக் கல்லூரியில் படித்துப் பிரிட்டிஷ் இராணுவப் பொறியாளராகி இந்தியாவுக்கு வந்தார். மைசூர் அரசில் பணியாற்றியபோது, சிவசமுத்திரத்தில் காவிரி விழும் இடத்தில் மின்சாரம் எடுக்கும் திட்டத்தை முன்னெடுத்து முடித்தவர் அவர்தான். திவான் சேஷாத்ரி ஐயரின் காலத்தில் தொடங்கிய அந்தத் திட்டத்தில், 1902 ஜூனில் சுமார் 90 மைல் தொலைவிலுள்ள கோலார் தங்கவயலுக்கு மின்சாரம் போய்ச் சேர்ந்தது. உலகின் மிக நீண்ட மின்தொடர்களில் ஒன்றாக அது அன்று இருந்தது. கோலார் சுரங்கங்களில் உழைத்தவர்களில் பெரும்பாலோர் தமிழகத்தின் வட மாவட்டங்களிலிருந்து போனவர்கள். 1905இல் பெங்களூருத் தெருக்களில் மின்விளக்கு எரிந்ததும் இதே மின்சாரத்தால்தான்.

தந்தை பசிபிக் கரையில் ஆளுநர். அதே நாள்களில் மகன் காவிரிக் கரையில் பொறியாளர். நம் வயலுக்கு வரும் தண்ணீர், வழியில் ஒரு கனடாக்காரரின் கணக்கில் சுழன்றுவிட்டு வந்திருக்கிறது. பத்தாம் வகுப்புப் புவியியலில் நீர்மின் திட்டங்களை நடத்தும்போது இதைச் சொன்னால், குடிமையியலும் வரலாறும் புவியியலும் ஒரே குடும்பத்தின் கதையில் சேர்ந்துவிடும்.

1906இல் பதவிக்காலம் முடிந்து ஜோலி கியூபெக் திரும்பினார். 1908 நவம்பரில் தம் 78ஆம் வயதில் காலமானார்.

வகுப்பறைக்கு

முடிக்கும் முன் செய்து பார்க்கத்தக்க இரண்டு செயல்பாடுகளைச் சொல்கிறேன். செலவில்லை, ஒரு பாடவேளை போதும்.

முதலாவது, நாடகம். வகுப்பை நான்கு குழுவாகப் பிரியுங்கள். ஒரு குழு முதல்வர் பிரையர். ஒரு குழு விசாரணைக் குழு. ஒரு குழு எதிர்க்கட்சி. நான்காவது குழு ஆளுநர். பாலத்துக்கு வடம் வாங்கிய செய்தியை மட்டும் சொல்லுங்கள். ஜோலி என்ன செய்தார் என்பதைச் சொல்லாதீர்கள். ஆளுநர் குழு முடிவெடுத்து, காரணத்தை எழுத்தில் தரவேண்டும். 59ஆம் பிரிவு கேட்டது அதைத்தான், காரணத்தை எழுது என்பதை. வாயால் சொல்வதற்கும் எழுதித் தருவதற்கும் எவ்வளவு வேறுபாடு என்பதைப் பிள்ளைகளே கண்டுகொள்வார்கள்.

இரண்டாவது, ஒரு பட்டியல். லெத்தெலியே, மெக்கின்னஸ், ஜோலி, டன்ஸ்மியர் என்ற நான்கு ஆளுநர்கள். ஒவ்வொருவருக்கும் மூன்று கேள்விகள். என்ன காரணம் சொன்னார்? சான்றைத் தேடியது யார்? கடைசியில் முடிவு யாரிடம் போனது? இந்த மூன்று கேள்விகளையும் கேட்கப் பழகிய மாணவர், நாளை எந்த நாட்டில், எந்த மாநிலத்தில், எந்தக் கட்சிக்காரரின் செயலைப் பற்றிய செய்தியைப் படித்தாலும் கோபத்தாலோ பாசத்தாலோ மட்டும் முடிவெடுக்கமாட்டார். கேள்வி கேட்டு எடைபோடுவார். குடிமையியல் பாடத்தின் நோக்கமே அதுதான்.

'ஆளுநரை மைய அரசு நியமித்தல்: கனடா' என்ற வரியை அடுத்த முறை கரும்பலகையில் எழுதும்போது, காலி நாற்காலிகளுக்கு உரை வாசித்த மெக்கின்னசையும், பொறுத்திருந்து ஒரே ஒரு முறை கையெழுத்திட்ட ஜோலியையும் ஐந்து நிமிடம் சொல்லிப் பாருங்கள். மதிப்பெண் எப்படியும் வரும். கேள்வியும் சேர்ந்து வரும்.